நல்லதம்பி வென்ற தேர்தல்

புளியங்குழியில் ஆறு வருடங்களாக யாரும் அழுததில்லை. ஜெயங்கொண்டத்துக்கும் விக்கிரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊருக்கு இது ஒரு தேர்தலால் வந்தது. தேர்தல் நடந்தது ஒன்பதாம் வகுப்பில். சமூக அறிவியல் டீச்சர் பூவிழி, வாக்குரிமைப் பாடத்தை வாசித்து முடிப்பதைவிட நடத்திக் காட்டுவது நல்லதென்று நினைத்தார். அட்டைப்பெட்டியில் துளை போட்டார், ஜன்னலோரம் துப்பட்டா கட்டி மறைப்பு செய்தார், விரலில் வைக்க மை வாங்கி வந்தார். கீழத்தெரு ராஜராஜனும் மேலத்தெரு முத்தமிழ்செல்வனும் வேட்பாளர்களாக நின்றார்கள். வெற்று வாக்குறுதி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, இல்லாத ஓர் ஆளையும் மூன்றாவதாகக் கரும்பலகையில் சேர்த்தார். பெயர் நல்லதம்பி. அதற்குக் கீழே, 'என் ஆட்சியில் யாரும் அழ மாட்டார்கள்' என்று எழுதினார்.

"இதப் படிச்சதும் நீங்க என்ன கேக்கணும்?" என்றார்.

"எப்புடிச் செய்வீங்கன்னு கேக்கணும்" என்று அவரே சொன்னபோது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ராஜராஜன் ஜெயித்தால் மேலத்தெருவில் சண்டை வரும், முத்தமிழ்செல்வன் ஜெயித்தால் கீழத்தெருவில் வரும். ஆகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லோரும் இல்லாத ஆளுக்குப் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நல்லதம்பி வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, பார்த்த கையோடு மறந்துபோகிற முகம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் திறந்து உட்கார்ந்தார். சாவி அவரிடமே இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி ஓட்டுச்சீட்டுகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, இனி ஐந்து வருடம் கழித்துத்தான் எதுவும் செய்ய முடியும் என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

முதலில் கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின. தாய்மார்கள் நன்றாகத் தூங்கினார்கள். காய்ச்சல் கண்ட ஜானகியின் குழந்தை சத்தமே இல்லாமல் தொட்டிலில் அடங்கிப்போன பிறகுதான் ஊருக்குப் பயம் வந்தது. அந்த வீட்டில் ஒப்பாரி எழவில்லை. வந்தவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

அடுத்த வருடம் கீதாஞ்சலியின் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி மோதி இறந்தார். ஒன்பதாம் வகுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. தொண்டை புடைத்தது, கண் சிவந்தது, வேறெதுவும் வரவில்லை. காரியம் முடிந்ததும் டீச்சரைத் தேடி வந்தாள்.

"அப்பாவுக்காக அழணும் டீச்சர். வர மாட்டேங்குது. நெஞ்சு கல்லாட்டம் கெடக்கு."

பூவிழி அவளைக் கூட்டிக்கொண்டு நல்லதம்பியிடம் போனார். அவர் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினார்.

"நீங்க எழுதுன வரிதான டீச்சர். சொன்னதச் செய்யறேன். செய்யாதவங்களத்தான எல்லாரும் கொற சொல்லுவாங்க?"

அன்று மாலையே டீச்சர் அவளை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற்றினார். ஊர் எல்லை தாண்டி முந்திரித் தோப்பு தொடங்கிய இடத்தில் கீதாஞ்சலி வாய்விட்டுக் கதறினாள். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அது நிற்கவில்லை. அதன்பிறகு ஊரில் துக்கம் விழுந்தவர்கள் எல்லாம் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் காசிநாதன் அவர்களுக்கு ஜன்னலோர சீட்டை ஒதுக்கி வைத்தார். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோப்புவரை போய் அழவிட்டு, அது பசியா வயிற்றுவலியா என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள். ஊர் பழகிக்கொண்டது.

ஐந்து வருடம் முடிந்தபோது அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓட்டு வயது வந்திருந்தது. இந்தமுறை ஊரே ஓட்டுப் போட்டது. நல்லதம்பியை எதிர்த்துக் கீதாஞ்சலி நின்றாள். "அழறதுக்குக்கூட பஸ் ஏறணுமா நாம?" என்று வீடு வீடாகக் கேட்டாள். தலையாட்டினார்கள். நல்லதம்பி கடைசிக் கூட்டத்தில் ஒரே ஒரு வரி பேசினார்: "இனிமே இந்த ஊர்ல யாரும் எதுக்காகவும் வெளியூர் போக வேண்டியிருக்காது." திருப்பூருக்கும் துபாய்க்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு போனுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது தேனாக இனித்தது.

கூட்டத்தின் நடுவில் பூவிழி எழுந்தார். "எப்புடிச் செய்வீங்க?"

"உக்காருங்க டீச்சர், பேச வுடுங்க" என்றான் ராஜராஜன். முத்தமிழ்செல்வன் கைதட்டத் தொடங்கினான். அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

நல்லதம்பி ஜெயித்தார். மறுநாள் காலை, தோற்றுப்போன கீதாஞ்சலியும் டீச்சரும் ஜெயங்கொண்டத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். பஸ் எல்லையைத் தாண்டியது. தோப்பு வந்தது, கீதாஞ்சலியின் கண் கலங்கவில்லை. தோப்பு முடிந்தது, தண்ணீர்த்தொட்டி தெரிந்தது, பள்ளிக்கூடம் தெரிந்தது. காசிநாதன் குனிந்து வெளியே பார்த்தார். விசில் ஊதினார்.

"புளியங்குழி வந்துட்டு. எறங்குங்க."

எல்லோரும் இறங்கினார்கள். பஸ் இப்போதும் தினமும் அதே நேரத்துக்குக் கிளம்புகிறது. தோப்பில் காற்று நன்றாக வருகிறதென்று சிலர் ஏறி ஒரு சுற்றுப் போய் வருகிறார்கள்.