அவர் விட்டுப்போன மங்கல்

நிலா வருகிற நாளெல்லாம் அவள் தையல் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக மொட்டை மாடிக்குப் போய் டெலஸ்கோப்பில் கண்ணை வைப்பாள். தெரிவது ஒரு மண்ணும் இல்லை. வெள்ளையாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். குமிழைத் திருகினால் கண் வைக்கிற குழாய் முன்னே பின்னே நகர்ந்து தெளிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். திருகத்தான் மாட்டாள்.

அவள் புருஷனுக்கு சோடாபுட்டிக் கண்ணாடி. டெலஸ்கோப்பில் பார்க்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிட்டு, குமிழைத் திருகித் தன் கண்ணுக்குச் சரிப்படுத்திக்கொள்வார். அடுத்து அவள் பார்த்தால் எல்லாம் மங்கல். "கண்ணு நல்லாருக்குன்னு உனக்கு ரொம்பத்தான் திமிரு" என்பார். அவள் திருகுவாள், அவர் மறுபடி திருகுவார். ஓயாத சண்டை. கடைசியாகத் திருகியவர் அவர்தான். மறுநாள் காலை மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் கண்ணுக்கு எங்கே தெளிந்ததோ அங்கேயே குழாய் நின்றுவிட்டது. அந்த மங்கலைப் பார்க்கும்போது அவர் கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள்.

கொழுந்தன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அண்ணனைப் போலவே சோடாபுட்டி. தங்கமான பிள்ளை, ஆனால் கை சும்மா இருக்காது. போன வாரம் போனில், "டெலஸ்கோப்ல பாக்குறீங்களா அண்ணி?" என்று கேட்டான்.

"பாக்குறேன் தம்பி. மங்கலாத்தான் தெரியுது."

போதாதா! கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் மூட்டு வீங்கினவள், பாவம், குமிழைத் திருக முடியாமல் திண்டாடுகிறாள் என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான்.

இன்று அவள் கடையிலிருந்து வந்தபோது மாடியிலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்திருக்கிறான்.

"அண்ணி, சீக்கிரம் வாங்க! ஒண்ணு காட்டுறேன்."

டெலஸ்கோப்பில் குமிழைக் காணோம். அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மோட்டார்.

"இனி திருகவே வேணாம். இந்த பட்டனை அமுக்கினா குழாய் வெளிய வரும், இதை அமுக்கினா உள்ள போகும். விரலுக்கு வேலையே இல்ல."

அவள் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். "குழாய் பழைய இடத்துலதானே இருக்கு?"

"அதெப்படி? மோட்டாருக்கு ஆரம்பம் எதுன்னு தெரிய வேணாமா? உள்ள கடைசி வரைக்கும் ஓட்டிட்டு, கண்ணாடியோடயே பாத்து உங்களுக்காகப் பளிச்சுன்னு வச்சிருக்கேன். பாருங்க!"

பார்த்தாள். நிலா துடைத்து வைத்த தட்டு போல இருந்தது. ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது உங்கண்ணன் வச்சது தம்பி! அவர் கண்ணுக்கு வச்சது. நான் கையே வைக்கலியே!"

கொழுந்தனுக்கு முகம் செத்துப்போனது. நல்லது செய்ய வந்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

"திரும்பக் கொண்டாந்துடலாம் அண்ணி. நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நான் அமுக்குறேன். அந்த இடம் வந்ததும் சொல்லுங்க."

மோட்டார் முனகியது. நிலா கலங்கியது, இன்னும் கலங்கியது.

"இதுவா அண்ணி?"

"தெரியலியே."

"இது?"

மங்கலில் இத்தனை மங்கல் உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இத்தனை நாள் பார்த்தும் அவருடையது எது என்று அடையாளம் தெரியவில்லையே என்று வெட்கத்தில் குன்றிப்போனாள்.

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றினான். "எனக்கும் அண்ணனுக்கும் கிட்டத்தட்ட ஒரே பவர்தான்." குனிந்து, பட்டனைத் தொட்டுத் தொட்டுத் தன் கண்ணுக்குத் தெளிவாக வைத்தான். "இப்பப் பாருங்க."

அவள் கண்ணை வைத்தாள். வெள்ளைக் கலங்கல். இதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நிமிர்ந்தால், அழுகையை அடக்கிக்கொண்டு அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதேதான் தம்பி" என்றாள்.

"நல்லவேளை!" அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான். மோட்டார் ஒருமுறை 'பீப்' என்றது.

"இந்த இடத்தை மோட்டார் ஞாபகம் வச்சுக்கிச்சு. யாரு எவ்வளவு மாத்தினாலும் ஒரே அமுக்குல இங்கேயே வந்து நிக்கும். இனி எந்தக் காலத்துக்கும் தொலையாது அண்ணி."

அவள் சரி என்று தலையாட்டினாள்.