அம்மாவுக்குக் கை தெரிய வேண்டும்

அவனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் குடைச்சல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் ஐந்து நிமிடம் சும்மா விடமாட்டான். தங்கைக்கு இதய ஆபரேஷன் நடக்கிற நாளும் அதுவுமாக, காலையில் எழுந்தவன் என்ன செய்தான் தெரியுமா? புதுக் கெர்னல் வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் கேட்டதும், போட்டுக்கொள் என்று தட்டிவிட்டான். கம்ப்யூட்டரின் அத்தனை உறுப்புகளையும் கட்டி மேய்ப்பது அந்தக் கெர்னல்தான். போதாக்குறைக்கு, புதுசு வந்தால் பழசை அன்றைக்கே துடைத்தெறிகிற வழக்கம் வேறு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

வேறொரு ஊரில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தங்கை வீடியோவில் வந்தாள். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அம்மாவோடு பேசியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிய நேரம் அது. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அந்த வீட்டில் அம்மாவோடு சண்டை, கொஞ்சல் எல்லாமே கையால்தான். இப்போது கண்ணும் மங்கிவிட்டது. போனில் விரல் தெரியாது. மேஜையை அடைத்து நிற்கும் இந்தப் பெரிய திரை ஒன்றுதான் அவளுக்கு வழி.

படம் விக்கி விக்கி வந்தது. தங்கை தூக்கிய கை தோளருகே நின்றது. அடுத்துப் பார்த்தால் மடியில் கிடந்தது. நடுவில் என்ன சொன்னாளோ யாருக்குத் தெரியும்! அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்து பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பிக் கையால் கேட்டாள்.

“அவ கை ஏன்டா அப்படி உதறுது?”

“அது திரைக் கோளாறும்மா. அவ கை இல்ல,” என்று அவனும் கையாலேயே சொன்னான்.

“பொய். ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து என்னமோ மறைக்கிறீங்க.”

அவன் மவுஸைக் கையில் எடுத்தான். முதலில் நெட்டைச் சந்தேகப்பட்டான். ஆனால் தங்கையின் குரல் ஸ்பீக்கரில் பிசிறில்லாமல் வந்தது. திரையில் வேறொரு ஜன்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அதுவும் தேங்கித் தேங்கித்தான் நகர்ந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால், படம் வரைய வேண்டிய கிராபிக்ஸ் கார்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து பிராசஸர் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

“அண்ணா, அம்மா ஏன் அழறாங்க?” என்றாள் தங்கை.

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் இரு.”

“காலையில எதையாவது நோண்டினியா?”

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான்.

“நோண்டியிருக்க! இன்னிக்குமா? ஸ்ட்ரெச்சர் வாசல்ல வந்து நிக்குதுண்ணா.”

கட்டளை அடித்துக் கேட்டான். கார்டை வேலைசெய்ய வைக்கிற டிரைவர் மென்பொருளை உள்ளே விடமுடியாது, அது கொண்டுவந்த அடையாளச் சாவி தெரியாத சாவி என்று கெர்னல் சொன்னது. அப்போதுதான் உறைத்தது. காலையில் புதுக் கெர்னலோடு கம்ப்யூட்டர் எழுந்தபோது ஒரு நீலத் திரை வந்து, புதுச் சாவியைச் சேர்க்கவா, அப்படியே போகவா என்று கேட்டது. பல் துலக்கிக்கொண்டே ‘அப்படியே போ’ என்று தட்டியவன் இவன்தான். பழைய கெர்னலுக்குத் திரும்பினால் தீர்ந்துவிடும். அதைத்தான் தன் கையாலேயே துடைத்தாயிற்றே! தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“லைனைக் கட் பண்றேன். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டுட்டுக் கூப்பிடறேன்.”

“அதுக்குள்ள என்னைக் கொண்டுபோயிட்டா?”

“கெஞ்சு. உன் வீட்டுக்காரரைச் சண்டை போடச் சொல்லு. போ!”

சாவியை மறுபடி பதியச் சொல்லி, ஒரு பாஸ்வேர்டும் வைத்து, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினான். திரை கறுத்ததும் அம்மா துள்ளி எழுந்தாள். மகளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றே நினைத்துவிட்டாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நீலத் திரை வந்தது. சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவாகவே போய்விடும். ஒரு கையால் அம்மாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தான். சாவியைச் சேர். ஆமாம். பாஸ்வேர்டு? ஒற்றைக் கையால் அடித்ததில் ஓர் எழுத்து தப்பியது. ஐயோ! மறுபடி அடித்தான். இந்தமுறை ஏற்றுக்கொண்டது.

கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். நீண்ட நேரம் கழித்து எடுத்தார்கள்.

தங்கை ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். போனை அவள் கணவன் தூக்கிப் பிடித்திருந்தான். படம் தண்ணீர்போல் ஓடியது. ஒவ்வொரு விரலும் நகத்தோடு தெரிந்தது. தங்கை இரண்டு கைகளையும் தூக்கினாள். ‘எனக்கு ஒண்ணுமில்லம்மா’ என்று சொல்லத் தொடங்கினாள்.

கைகள் உதறின.

அவன் அவசரமாகத் திரையில் அந்த இன்னொரு ஜன்னலை இழுத்துப் பார்த்தான். அது சொன்ன பேச்சைக் கேட்டு வழுக்கிக்கொண்டு போனது.

“திரை சரியாயிடுச்சு இல்ல?” என்று அம்மா கையால் கேட்டாள். ஆமாம் என்று அவன் தலையாட்டினான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கைகளைத் தூக்கினாள். நிதானமாகச் சொன்னாள். “நடுங்கினா நடுங்கட்டும். எனக்குப் புரியுது. பேசு.”

யாரிடமும் சொல்லாததைத் தங்கை அப்போது சொன்னாள். “பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான். நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.”

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கதவு மூடிக்கொண்டது. அம்மா தூக்கிய கைகளை இறக்கவேயில்லை.