ரிவர்ஸ் அண்ணனின் இரண்டாவது ட்ரிப்

மதியம் இரண்டு மணிக்கு டூட்டி முடிந்தால் மனுஷன் என்ன செய்வான்? முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவான். இந்த டிரைவர் போகமாட்டார். டிப்போவுக்குள் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, முன் சக்கரங்களைக் குனிந்து பார்ப்பார். பம்பருக்கு அடியில் கையை விட்டுத் தடவி, விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். கிரீஸ்தான் ஒட்டியிருக்கும். மறுபடியும் தடவுவார். மறுபடியும் கிரீஸ்தான். பிறகு கேட்டைத் தாண்டி, தான் ஓட்டி வந்த அதே ரூட்டில் திரும்ப நடக்க ஆரம்பிப்பார்.

ஒன்பது கிலோமீட்டர். சாலையோரம் யாராவது அடிபட்டுக் கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவார். வண்டி எங்கேயாவது ஏறி இறங்கியிருந்தால், ஏறியது மேட்டின் மேலா, ஆளின் மேலா என்று அவருக்குச் சந்தேகம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவர் அடித்ததில்லை. ஆனாலும் ஒரு வருஷமாக இந்த நடை. அதற்காகவே டிப்போவில் அவருக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர்.

பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, அவருடைய வண்டியிலேயே ஓடும் கண்டக்டர்தான். வாய் சும்மா இருக்காத ஆள். அவர் இருக்கும் இடத்தில் பத்து பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

“தம்பி, மார்க்கெட் திருப்பத்துல ஏதோ தட்டின மாதிரி இருந்துச்சே?” என்று டிரைவர் கேட்பார்.

“ஆமாண்ணே, நாலு பேர் அவுட்டு. அஞ்சாவது ஆளு மட்டும் டிக்கெட்டை வாங்கிட்டுத்தான் விழுந்தாரு.”

கேன்டீனே அதிரும். டிரைவரும் சேர்ந்து சிரிக்கப் பார்ப்பார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒரு புதன்கிழமை கண்டக்டருக்கு விளையாட்டு கொஞ்சம் முற்றிவிட்டது. டிப்போ மெக்கானிக் புது சிம் வாங்கியிருந்தான். அந்த நம்பரிலிருந்து டிரைவருக்குப் போன் போடச் சொன்னார். அப்போது டிரைவர் பாதி ரூட் நடந்திருப்பார்.

மெக்கானிக் குரலை மாற்றிக்கொண்டான். “நீங்க ஓட்டிட்டு வந்த பஸ்ஸு காலையில ஒரு சைக்கிள்காரரை அடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. ஆளு ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. தெரியுமா தெரியாதா?” சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பதறியடித்து டிரைவர் தனக்குத்தான் போன் பண்ணுவார், “ஏமாந்தீங்களாண்ணே!” என்று சொல்லி முடித்துவிடலாம் என்பது கண்டக்டரின் கணக்கு. போன் வரவில்லை. சரிதான் என்று வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்துவிட்டார்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. டிரைவரின் மனைவி.

“தம்பி, அண்ணன் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்காரு. ஆளை அடிச்சுட்டேன், என்னைப் பிடிச்சு உள்ள வைங்கன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. வண்டியில கூட இருந்தது நீங்கதானே? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நம்புவாரு. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.”

அந்தக் கடைசி வார்த்தையில் கண்டக்டருக்கு உடம்பு கூசிப்போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஸ்டேஷனில் டிரைவர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டிருந்தார். எதிரே இருந்த பெண் போலீஸ் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். காலையிலிருந்து எந்த விபத்தும் பதிவாகவில்லை.

கண்டக்டர் டிரைவர் பக்கத்தில் போய் நின்றார். “அண்ணே... அந்தப் போன் பொய்ணே. நாங்கதான். சும்மா விளையாட்டுக்கு...”

டிரைவரின் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கண்டக்டருக்கு.

டிரைவரோ தலையை ஆட்டினார். “வேணாம் தம்பி. என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாத. நீ புள்ளகுட்டிக்காரன். பொய் சாட்சி சொல்லி வேலையை விட்டுடாத.”

கண்டக்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். அப்போதுதான் டிரைவரின் முகம் தெளிந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்பாடா என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

வாசல்படியில் டிரைவர் நின்றார். “சரி, போன் விளையாட்டுன்னே வெச்சுக்குவோம். மார்க்கெட் திருப்பத்துல தட்டுச்சே, அப்ப அது என்ன?”

பத்து பேர் சத்தியம் செய்தாலும் இந்த மனுஷனுக்கு மனசு ஆறாது, இது பயந்த சுபாவமும் இல்லை, சிரிக்கிற விஷயமும் இல்லை என்பது கண்டக்டருக்கு அந்தப் படியில்தான் உறைத்தது.

பெண் போலீஸ் அவர்களைத் திரும்ப உட்காரச் சொன்னார். “எங்க அக்கா எந்நேரமும் கையைக் கழுவிக்கிட்டே இருப்பா. சுத்தக்காரின்னு எல்லாரும் மெச்சினாங்க. தோல் உரிஞ்ச பிறகுதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். இதுவும் ஒரு நோய்தான், மருந்து இருக்கு, பேசிச் சரி பண்ற வைத்தியமும் இருக்குன்னாங்க. இப்ப நல்லா இருக்கா. பாத்திரம் கழுவச் சொன்னாக்கூட என் பக்கம் தள்ளிவிடறா.”

“இவருக்கும் அதுதானாம்மா?” என்றார் மனைவி.

“அதை டாக்டர் சொல்லணும். ஆனா ஒரு தடவை பார்த்ததும் மனசு ஆறிடுச்சுன்னா அது கவனம். எத்தனை தடவை பார்த்தும் ஆறலை, தூக்கம் கெட்டுப்போச்சு, ஓய்வு நேரமெல்லாம் இதுக்கே போகுதுன்னா, அதுக்கு மேல வீட்டுலயே வெச்சுக்கிட்டிருக்கக் கூடாது.”

மனைவி உடைந்துவிட்டார். “எனக்குத் தெரியும்மா. பாதம் வெடிச்சு ரத்தம் வந்தப்பவே தெரியும். மருந்தைத் தடவி மூடி வெச்சேன். டாக்டர்கிட்ட போனா டிப்போவுல ஏதாவது பேரு வெச்சுக் கேலி பண்ணுவாங்களேன்னுதான் வாயைத் திறக்கலை.”

கண்டக்டர் தலையைத் தூக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவரே லீவு போட்டுவிட்டு இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ‘மனநலப் பிரிவு’ என்ற போர்டைக் கண்டதும், தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கண் தானாக நாலு பக்கமும் ஓடியது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த டிரைவர் அப்படி யாரையும் தேடவில்லை. அதைப் பார்த்த பிறகு கண்டக்டருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். டிரைவர் மெல்லச் சொன்னார்: “ஸ்டேஷன்ல உக்காந்திருந்த அந்த ரெண்டு மணி நேரம்தான் டாக்டர், இந்த ஒரு வருஷத்துல நான் நிம்மதியா இருந்தது. பிடிச்சு வெச்சுடுவாங்க, இனிமே நடக்க வேண்டாமேன்னு இருந்துச்சு.”

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“இது சரியாகும். கொஞ்ச நாள் ஆகும், ஆனா சரியாகும்” என்றார் டாக்டர். “முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்.” பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். “நீங்க கூட வேலை பார்க்கறவரா? இவரு இப்படி இருக்காருன்னு நீங்க எப்ப கவனிச்சீங்க?”

எதற்கும் சட்டென்று ஒரு பதில் வைத்திருக்கும் ஆள் கண்டக்டர். ‘இப்பத்தான்’ என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். டிரைவர் அதையும் நம்பியிருப்பார்.

“முதல் நாளே கவனிச்சேன் டாக்டர்” என்றார் கண்டக்டர். “கேலி பண்ண ஒரு விஷயம் கிடைச்சுதேன்னு கவனிச்சேன். ‘அண்ணே, உங்களுக்கு ஏதோ சரியில்லை, வாங்க டாக்டரைப் பார்ப்போம்’னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதைச் சொல்லாம ஒரு வருஷம் சிரிச்சேன். அவருக்கு வந்தது நோய். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. கூட இருக்கறவன் மனசு உடைஞ்சு நிக்கறதைப் பார்த்துட்டு, வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போகாம வேடிக்கை பார்த்தேன் பாருங்க, வெக்கப்பட வேண்டியவன் நான்தான்.”

டாக்டர் ‘ஒரு வருடமாக’ என்று சீட்டில் எழுதிக்கொண்டார்.