சார் நிற்கிற மூலை

அப்பாவின் நினைவாக நடந்த கால்பந்து ஆட்டத்தைத் தொடங்குமுன் என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் மைக்கைப் பிடித்த எல்லோரும் "சார் எங்களுக்கு அப்பா மாதிரி" என்றார்கள். அப்பா மாதிரி, அப்பா மாதிரி என்று இத்தனை பேர் பேசிய பிறகு, சொந்தப் பெண் என்னத்தைப் பேசுவது? என் பங்குக்கு அவர் எவ்வளவு மிச்சம் இருந்தார் என்பதே எனக்குத் தெரியவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

போலீசில் இருந்தவரை அப்பாவை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். இருக்கிற நேரத்தில் சும்மாவும் இருக்கமாட்டார். எங்கள் எல்லோருடைய துணிக்கும் அவர்தான் இஸ்திரி போடுவார். தலையணை உறையில்கூட மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஓய்வு பெற்றதும், இனிமேல் சாயங்காலம் நமக்குத்தான் என்று நினைத்தேன். அவரோ அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பந்து சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் மருத்துவமனை லேபில் வேலை கிடைத்திருந்தது. இருட்டுகிற நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். கூட இறங்குகிற பெண்களுக்காக அப்பாவோ அண்ணனோ காத்திருப்பார்கள். எனக்காக ஒரு நாய்கூட நிற்காது. தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சந்து வழியாக விறுவிறுவென்று நடந்து வீடு சேர்ந்ததும் அம்மாவிடம் பொரிந்து தள்ளுவேன்.

இது போதாதென்று, அப்பா வீட்டுக்கு வந்தவுடன் விசாரணை வேறு. "குடையை எங்கம்மா விட்டுட்ட?" "கால் ஏன் நொண்டுது, செருப்பு கடிக்குதா?" நானோ அதற்குள் கட்டிலில் சாய்ந்திருப்பேன். இவருக்கு எப்படித் தெரியும்? தம்பிதான் போட்டுக்கொடுக்கிறான் என்று முடிவு கட்டினேன். "சத்தியமா நான் இல்லக்கா!" என்று அவன் அலற அலற முதுகில் ஒன்று வைப்பேன். காலையில் பார்த்தால் செருப்பு வாரில் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கும். அது அப்பாவின் வேலை.

என் முறை வந்தது. ஒரு காலத்தில் அப்பாவிடம் கோல்கீப்பராக இருந்து, இப்போது நர்சாக இருக்கிற பெண், மைக்கையும் அப்பாவின் விசிலையும் கொண்டுவந்தாள். "அக்கா, சார் நிக்கிற மூலையில நின்னே பேசுங்க" என்று கூட்டிப்போனாள். மைதானத்தின் ஒரு கோடி அது. சுவர் முடிந்து கம்பிவலை தொடங்குகிற இடம்.

"நடுவுல நிக்காம இங்க ஏன் வந்து நின்னாரு?" என்று கேட்டேன்.

"இங்கிருந்து பாத்தாதான் எல்லாம் தெரியும்னு சொல்லுவாரு. ஆட்டத்துக்கு நடுவுல கொஞ்ச நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாரு. ஏதோ பெருசா திட்டம் போடுறாருன்னு நினைப்போம். அப்பதான் எங்களுக்குக் கொண்டாட்டம். ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சு இழுப்போம். அப்புறம் திரும்பி ஒரு ஊது ஊதுவாரு பாருங்க!"

நானும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் என் பஸ் ஸ்டாப். அங்கிருந்து கிளம்புகிற சந்து, விளக்குக் கம்பம், கடைசியில் எங்கள் வீட்டுக் கேட், எல்லாம் ஒன்றுவிடாமல் தெரிந்தன. சந்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வலையில் படர்ந்த கொடி மட்டும்தான் தெரியும். இத்தனை வருடமும் எனக்கு அதுதான் தெரிந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. யாரோ ஒரு பெண் இறங்கி, பையை இறுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். அவள் வீட்டுக்குள் போகிறவரை என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தம்பி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. "நான் இல்லன்னு அப்பவே சொன்னேன்ல?" என்று முதுகைத் தடவிக்கொண்டான். சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு அவன் தோளில் சாய்ந்து அழுதேன்.

மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"அப்பா முதுகைக் காட்டிக்கிட்டு நின்னப்ப, நீங்கல்லாம் சட்டையைப் பிடிச்சு இழுத்தீங்களாமே?"

பழைய பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தக் கொஞ்ச நேரம் என்னோடது. விட்டுக்கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி."