திருந்திய புலி

நூம்பல் வளர்பிறைத் தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பில் ஆடி மாதம் ஒரு புலி வந்து சேர்ந்தது. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊரில் புலியைப் பற்றிப் பேச்சு கொஞ்சம் குறைவுதான். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனபோது கடைசியாக அதுவும் போனது. மூன்றாம் பெஞ்சில் லாவண்யாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்துகொண்டது. ஏன் உள்ளே விட்டாய் என்று வாட்ச்மேன் கஜபதியைக் கேட்டதற்கு, "லேட்டா வந்தாதான சார் நிறுத்தச் சொல்லிகீறீங்க, அது டயத்துக்குக் கரெக்டா வந்துச்சு" என்றார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

புலி எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தமிழ் ஆசிரியை கிருஷ்ணப்பிரியா ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அக்கம்பக்கத்தில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்ததால் எல்லா ஊர்க் கதைகளும் அவரிடம் சேர்ந்திருந்தன. செய்யுளை நேரே ஆரம்பித்தால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கிறார்கள், முதலில் ஒரு நாட்டுப்புறக் கதையைச் சொல்லிவிட்டால் செய்யுள் தானாக உள்ளே போய்விடுகிறது என்பது அவர் கண்ட வழி. ஒரே ஒரு நிபந்தனை, கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். புதன்கிழமை கடைசிப் பீரியடில் அந்த வகுப்பு கொட்டும் உம் வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப் வரை கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. பாதி தூரம் கேட்டது உண்மை.

கொழுக்கட்டைக்காரி கதையில் வருகிற புலிதான் அது. கொழுக்கட்டை விற்கப் போகிறவளை வழிமறித்து தினமும் பங்கு கேட்கிறது. முதலில் ஒன்று கேட்கிறது, பிறகு கூடையையே கேட்கிறது, கடைசியில் நாளைக்கு உன் பிள்ளையைக் கூட்டி வா என்கிறது. மறுநாள் அவள் அடுப்பில் பழுக்கக் காய்ந்த கருங்கல்லை மாவுக்குள் பொதிந்து நீட்டுகிறாள். புலி விழுங்கி, வயிறு வெந்து சாகிறது. கதை இதுதான். ஆனால் அந்த ஆனி மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் யாரும் சாகக் கூடாது என்று ஒருமனதாக முடிவாகியிருந்தது. கரஸ்பாண்டென்ட் ஹேமநாதன் இன்னும் ஒரு படி மேலே போய் அடி, திட்டு, பசி எதுவும் வேண்டாம் என்றார். மீறினால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்றும் கிருஷ்ணப்பிரியாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தார். ஆகவே அந்தப் புதன்கிழமை, கல்லை நீட்ட வேண்டிய இடத்தில் அவர் கதையைத் திருப்பினார். புலி மனம் திருந்தி, காய்கறி சாப்பிடப் பழகி, மறுநாள் முதல் பள்ளிக்கூடம் போனது என்று முடித்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தது இதுதான்.

கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியவள் லாவண்யாவின் அம்மா கஸ்தூரி. அவள் புருஷன் சிவராமன் தண்ணி லாரி ஓட்டியவன். சித்திரை மாதம் பூந்தமல்லி போகிற வழியில் லாரியை ஓரம் கட்டி ஸ்டியரிங்கில் சாய்ந்தவன் எழவில்லை. மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காரியத்தை முடித்த கஸ்தூரி, அப்பா குஜராத்துக்கு லாரி ஓட்டப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தாள். தெருவே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. மளிகைக் கடை நடேசன்கூட, "இன்னா பாப்பா, நைனா போன் பண்ணாரா?" என்று தவறாமல் விசாரிப்பார். குப்பை விஷயத்தில்கூட அந்தத் தெருவில் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை. பெண் மட்டும் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். பைப்பில் தண்ணீர் வராத அந்தத் தெருவுக்கு வந்து போகிற லாரிகளுக்குக் குறைவில்லை. அவள் திரும்பி வரும் முகத்தைப் பார்க்கக் கஸ்தூரிக்குத் தாங்காது. உண்மையைச் சொல்லவும் வாய் வராது.

புலி நல்ல மாணவன். வம்புக்குப் போகாது, வீட்டுப்பாடம் பாக்கி வைக்காது. பிள்ளைகள் தங்கள் டப்பாவில் பிடிக்காததையெல்லாம் அதற்கு மிகுந்த அன்போடு கொடுத்தார்கள், பீன்ஸ் பொரியலும் புடலங்காய்க் கூட்டும் ஒரு நாளும் மீந்ததில்லை. ஹேமநாதன் வாசலில் புலிப் படத்தோடு பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார், சேர்க்கை கூடியது. ஆனால் ஐப்பசிக்குள் புலி எலும்பும் தோலுமாகிவிட்டது. மழையில் நனைந்த கோலம் மாதிரி அதன் வரிகள் கலைந்துபோயின. அதனால் பாய்ந்து தின்னவும் முடியவில்லை, சாகவும் முடியவில்லை. "இன்னா ஆச்சு உனுக்கு?" என்று லாவண்யா அதன் காதைத் தடவிக்கொண்டே இருப்பாள். ஒரு புதன்கிழமை, 'உள்ளேன் அம்மா' தவிர வேறு எதுவும் பேசியிராத புலி எழுந்து நின்றது.

"மிஸ், எல்லாரும் என்னை நல்லாத்தான் பாத்துக்குறாங்கோ. ஆனா முடிவே இல்லாம எத்தினி நாளு குந்திகினு கீறது? அந்தக் கல்லைக் குடுத்துடுங்க மிஸ்."

கிருஷ்ணப்பிரியா ஒரு முறை ஹேமநாதனின் அறைப் பக்கம் பார்த்தார். வேலை போனால் போகட்டும் என்று கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். கூடை வரைக்கும் உம் ஜோராக வந்தது. கல் அடுப்பில் ஏறியதும் வகுப்பு மொத்தமும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. உம் இல்லாமல் கதை நகராது, அது பிள்ளைகளுக்கும் தெரியும். புலி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கெஞ்சியது. யாரும் அசையவில்லை.

"கல்லை முழுங்கினா அது எங்க மிஸ் போவும்?" என்று கேட்டாள் லாவண்யா.

"எங்கயும் போகாதும்மா. செத்துப்போயிடும்."

"குஜராத்துக்குலாம் போவாதா?"

கிருஷ்ணப்பிரியா அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பொய் அவருக்கும் தெரிந்ததுதான். "போகாதுடா" என்றார்.

லாவண்யா புலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உம்" என்றாள். புலி கல்லை விழுங்கியது, அவள் மடியில் தலையை வைத்தது, செத்தது. மணி அடித்தபோது அங்கே புலி இல்லை, பெஞ்சு மட்டும் சூடாக இருந்தது. பிள்ளைகள் வாய்விட்டு அழுதார்கள். அன்று இரவு எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள் என்பதைப் பெற்றோர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அன்று மாலை லாரிச் சத்தம் கேட்டும் லாவண்யா வாசலுக்கு ஓடவில்லை. "அப்பா செத்துட்ச்சாம்மா?" என்று கேட்டாள். கஸ்தூரி கையிலிருந்த மாவைக்கூடக் கழுவாமல் அவளை இழுத்து அணைத்து, "ஆமாண்டி கண்ணு" என்றாள். இருவரும் அழுது தீர்க்க வெகுநேரம் ஆனது. மறுநாள் காலையில் நடேசன் வழக்கம் போல நைனா போன் பண்ணாரா என்று கேட்க, லாவண்யா விஷயத்தை அவருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை பிள்ளைகள் அதே கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஒரு ஊரில் ஒரு கொழுக்கட்டைக்காரி என்று கிருஷ்ணப்பிரியா தொடங்கியதும் புலி கதவருகே வந்து நின்றது. வரிகள் பளிச்சென்று இருந்தன, உடம்பு தேறியிருந்தது, யாரையும் மதிக்காமல் ஒரு உறுமு உறுமியது. முடிந்த கதையைத்தான் மறுபடி தொடங்க முடியும் என்று அன்றைக்கு ஊருக்குப் புரிந்தது. அன்று முதல் புதன்கிழமைதோறும் புலி வந்தது, மணி அடிப்பதற்குள் செத்தது. ஹேமநாதன் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஃபிளெக்ஸில் 'புதன் மட்டும்' என்று சேர்த்துக்கொண்டார்.

லாவண்யா இதையெல்லாம் வீட்டில் சொல்ல, கஸ்தூரி இரண்டு நாள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளை எதிரே உட்கார வைத்து, "ஒரு ஊர்ல ஒரு தண்ணி லாரி டிரைவரு இருந்தாரு" என்று தொடங்கினாள். லாவண்யா "உம்" என்றாள். வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அதன்பின் ஞாயிறு சாயங்காலங்களில் அந்த வாசலில் யாரும் பைக் நிறுத்துவதில்லை. கஸ்தூரி கதையை அவசரப்படாமல்தான் சொல்கிறாள், முடிவை மட்டும் மாற்றுவதில்லை. கடைசி உம் வந்ததும் சிவராமன் லாரியைக் கிளப்பிவிடுவான் என்பதால் தெருக்காரர்கள் குடங்களோடு முன்கூட்டியே வந்து வரிசையில் நிற்கிறார்கள். குடம் நிரம்பாதவர்கள் அடுத்த ஞாயிறு வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.