கல்லிடுக்கில் இருந்தது

1

ஆற்றுப்பாறையின் வெடிப்புகளில் தங்கம் தேடுகிறவர்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தேன். மணலை வெள்ளம் கொண்டுபோய்விடும். கனமானது இடுக்கில் இறங்கி நின்றுவிடும். எழுதலாம் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஆறு அடையாறு. பாலத்தில் நின்று பார்த்தேன். பாறை இல்லை, சேறு இருந்தது.

அதிகாலையில் அவன் ஆற்றில் இறங்கியபோது நீர் அவன் முழங்கால்

இதை முடிக்கவில்லை. அவன் யாரென்று எனக்குத் தெரியாது.

2

பிறகு மயிலாப்பூரில், நகை செய்யும் பத்தர்கள் இருக்கும் ஒரு சந்தில், ஒரு பெண் வளைந்த கம்பியால் கல்லிடுக்கைச் சுரண்டுவதைப் பார்த்தேன். ஆற்றை விட்டுவிட்டேன். வருஷம் 1974 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தேவானை. (பெயர் நான் வைத்தது. கம்பி அவளுடையது.)

நகைப்பட்டறையில் தங்கத்தை அரத்தால் ராவும்போது விழும் பொடியில் கொஞ்சம் தரைக்கல் இடுக்கில் இறங்கும். கொஞ்சம் கழுவும் தண்ணீரோடு தெருச் சாக்கடைக்குப் போகும். அங்கே ஒரு நியாயம் உண்டு. படிக்கு உள்ளே இருப்பது பட்டறைக்கு; வெளியே வந்துவிட்டால் அந்தச் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கம் எடுக்கிறவளுக்கு. கருணாகரப் பத்தர் வாசலை அரிப்பவள் ஹாஜிரா பீ. தேவானை அரிப்பது அடுத்த சந்தில்.

பத்தர் தரைக்கு மொசைக் போடப்போகிறார். பழைய கல்லைப் பெயர்க்குமுன் இடுக்கு மண் முழுவதையும் தேவானையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் மகள் பாஞ்சாலிக்குத் தையில் கல்யாணம். "இதான் என் மொய்" என்றார். இத்தனை வருஷம் அரித்ததையெல்லாம் தேவானை விற்றுத்தான் சாப்பிட்டாள். மகளின் தாலிப்பொட்டாவது தான் எடுத்த தங்கமாக இருக்கவேண்டும்.

3

பத்தரை இவ்வளவு நல்லவராக எழுதத் தயக்கமாக இருந்தது. நல்லவர்களால் கதை நகராது என்பது என் எண்ணம். இவர் நகர்த்தினார்.

அவள் சுரண்ட வாகாக இருக்கட்டும் என்று, அவள் வருவதற்குள் தண்ணீர் கொட்டி இடுக்குகளைத் துடைப்பத்தால் தேய்த்துவிட்டார். தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் எப்போதும் கோணித்துணி அடைத்திருக்கும். பொடியை அது பிடித்துக்கொள்ளும். மொசைக் வேலைக்காகப் பட்டறையை ஒழித்தபோது அதையும் எடுத்துவிட்டிருந்தார்.

தேவானை வந்து பார்த்தாள்.

"இன்னா பத்தரே, கல்லைப் பல்லு மாதிரி வெளக்கி வெச்சுகீறீங்க?"

"உனக்குக் கஷ்டம் வேணாம்னுதாம்மா…" பத்தர் துவாரத்தைப் பார்த்தார். "ஐயோ, துணி."

"இத்தினி வருசமா மறக்காத ஆளு, எம்பொண்ணு கல்யாணத்துக்குத்தான் மறக்கணுமா?"

4

வெளியே, கலங்கல் வரத் தொடங்கியதுமே ஹாஜிரா சாக்கடையில் அணை கட்டிவிட்டாள். படிந்த மண் முழுவதும் அவள் வாளியில் இருந்தது.

முதல் முடிவு: ஹாஜிரா வாளியை நீட்டுகிறாள், இருவரும் அழுகிறார்கள். அடித்துவிட்டேன். அந்த அழுகை என்னுடையது.

இரண்டாவது: தேவானை வாளியைப் பிடுங்குகிறாள். பிடுங்கினால், தேவானை அரிக்கும் சாக்கடையில் கிடப்பதும் உள்ளேயிருந்து வந்ததுதானே என்று அடுத்த சந்துப் பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். சாக்கடைத் தங்கம் எல்லாமே உள்ளேயிருந்து வந்ததுதான். இதையும் அடித்துவிட்டேன்.

அடிக்க முடியாதது இவ்வளவு:

"இன்னாக்கா, மூஞ்சி செத்துப்போய்க் கீது?" என்றாள் ஹாஜிரா, படி இறங்கி வந்த தேவானையிடம். "இன்னிக்கி மண்ணு கனமா வருது. பத்தரு பொட்டியையே கவுத்துட்டாரா?"

உள்ளேயிருந்து பத்தர் குரல் கொடுத்தார்.

"ஹாஜிராம்மா, அது பாஞ்சாலி தாலிக்கு வெச்சது!"

"உன் வாயி உள்ளயே இருக்கட்டும் பத்தரே. வெளிய வந்தது எங்க ரெண்டு பேர் விசயம்."

ஹாஜிரா வாளியைப் பார்த்தாள், பிறகு தேவானையை.

"கேளுக்கா. கேட்டா குட்த்துருவேன். கேக்காம குடுக்க மாட்டேன்."

"எம்மண்ணுன்னு கேட்டா நாளைக்கி எஞ்சந்து போயிடும்."

"அப்போ எம்மண்ணுன்னு சொல்லிக் கேளு."

"உம்மண்ணுல எம்பொண்ணுக்குத் தாலியா?"

ஹாஜிரா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். தேவானை உட்கார்ந்தாள். வாளி நடுவில் இருந்தது.

5

அடுத்த வரி தேவானையுடையது. பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான்தான் பேசினேன். யார் மண் என்று சொல்லாமலே அதைக் கேட்க ஒரு வழி இருந்தால், நீங்கள் எழுதுங்கள். எனக்கு அகப்படவில்லை. அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஹாஜிரா,