காது அறுந்த முயல்

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஊசியும் பல்லிடுக்கில் நூலுமாக இருந்தபோதுதான் சின்னவள் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்தாள். இணையத்தில் அவள் கடைக்கு வந்த விமர்சனங்களில் ஐந்தைந்தாக நின்ற நட்சத்திரங்களுக்கு மேலே அது தன்னந்தனியாகக் குந்தியிருந்தது. 'படு மட்டம். குழந்தை கையில் எடுத்ததுமே காது பிய்ந்து வந்துவிட்டது. யாரும் வாங்கி ஏமாறாதீர்கள்.' கூடவே ஒரு புகைப்படம். அவள் தைத்த சாம்பல் நிறத் துணி முயல் மல்லாந்து கிடந்தது. ஒரு காது தலையில், இன்னொன்று தரையில்.

மழலையர் பள்ளி நடத்தும் ஓர் அம்மாள் நாற்பது முயல் கேட்டிருந்தாள். "வாங்கினவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்துட்டுத் திங்கக்கிழமை சொல்றேம்மா" என்று முந்தின நாள்தான் பேசியிருந்தாள். இரண்டு வருடமாக ஒன்றும் இரண்டுமாக நகர்ந்துகொண்டிருந்த கடைக்கு முதன்முதலாக வந்திருக்கும் பெரிய ஆர்டர். அது கை நழுவிப் போனால், 'பொம்மை தச்சது போதும், ஒழுங்கா ஒரு வேலைக்குப் போ' என்று இந்த வீட்டில் ஆளாளுக்குச் சொல்வதற்கு அவளிடம் பதில் இருக்காது. தையல் மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

தான் தைத்த காது பிய்யாது என்று அவளுக்குத் தெரியும். இரட்டை நூல், ஏழு சுற்று, முடிச்சு உள்பக்கம். பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முயலையும் காதைப் பிடித்துத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றுவாள். புருஷன் அதைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க கணக்கு வாத்தியாரே தேவலை" என்பான். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பிய்ந்த துணியில் நூல் நூலாகத் தொங்கும். இதில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. கத்தரி வைத்து நறுக்கென்று வெட்டிய காது. யாரடி நீ, என்று படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். முயலின் வாலுக்குப் பக்கத்தில், மூலை உடைந்த ஒரு பச்சை டைல் தெரிந்தது.

இந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் சின்னவள் குடும்பம், மேல்தளத்தில் புருஷனின் அண்ணன் குடும்பம். வீடு கட்டியபோது மாடிப்படித் திருப்பத்துக்கு வந்ததும் பழுப்பு டைல் தீர்ந்துபோய், கொத்தனார் வேறெங்கோ மிஞ்சிய மூன்று பச்சை டைல்களை வைத்துப் பூசிவிட்டுப் போனார். அதில் ஒன்றின் மூலை, அண்ணன் மனைவி பெரியவளின் ஃபிரிட்ஜை மேலே ஏற்றிய அன்று உடைந்தது. அன்றைக்கு அதைப் பெருக்கியவளே சின்னவள்தான். இப்போது அந்த விமர்சனத்துக்குரிய பழைய ஆர்டரைத் தேடி எடுத்துப் பார்த்தாள். 'வானவில்' என்ற பெயர், ஓர் அலுவலக முகவரி. பெரியவளின் தம்பி வேலை பார்க்கும் அலுவலகம். பொட்டலத்தில் முகவரி ஒட்டும்போது உறைக்கவில்லை.

பெரியவள் இணையத்தில் ஒரு குண்டூசி விற்றவள் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு, வீட்டிலிருந்தே தொழில் நடத்துவது எப்படி என்று அறுபது பெண்களுக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறாள். போன மாதம் கீழே இறங்கி வந்து, "'அக்கா சொல்லிக் கொடுத்துத்தான் கடை ஆரம்பிச்சேன்'னு ஒருநாள் என் கிளாஸ்ல வந்து சொல்லிடு" என்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லித் தரலையே அக்கா" என்றாள் சின்னவள்.

அன்றோடு பேச்சு நின்றது. வாசலில் எதிர்ப்பட்டால் பெரியவள் சுவரைப் பார்ப்பாள். குப்பைக்கூடையைக்கூட இங்கே வைத்தால் அங்கே நகர்த்துவாள்.

சின்னவள் படத்தைப் புருஷனிடம் காட்டினாள். அவன் படத்தைப் பார்த்தான், எட்டிப் படிக்கட்டைப் பார்த்தான், பிறகு பையை எடுத்துக்கொண்டான். "அண்ணி இப்படியெல்லாம் செய்வாங்களா? எதுக்கும் நீ வாயை விடாதே. நான் காய் வாங்கிட்டு வந்துடறேன்." காய் நேற்றே வாங்கியாகிவிட்டது.

அவளுக்கு மேலே ஏறிப்போய்க் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. முதல் படியில் கால் வைத்தும்விட்டாள். அதற்குள் மேலே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பெரியவளின் குரல், மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கும் குரல், படிவழியாக இறங்கி வந்தது.

"இன்னைக்கு என்ன பார்க்கப்போறோம்னா, மோசமான ரிவ்யூ வந்தா என்ன செய்யறது? எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, பேர் வேண்டாம், அவ கடைக்கு வந்ததைத்தான் இப்ப திரையில காட்டறேன். பாருங்க, தலை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். சொல்பேச்சுக் கேக்காம தொழில் பண்ணினா இதான் கதி."

யாரோ சிரித்தார்கள்.

"சரி, எழுதிக்கோங்க. கோபமா பதில் போடாதீங்க. அவங்க பொய்யே சொன்னாலும் மன்னிப்பு கேளுங்க. புதுசு ஒண்ணு மாத்திக் கொடுங்க. நாளைக்கு நாளன்னைக்குன்னு இழுக்காம, கையோட கொடுங்க."

சின்னவள் காலை எடுத்துக்கொண்டாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து, கைபேசியில் பதிலை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். அனுப்பிவிட்டு, தைத்து முடித்திருந்த சாம்பல் முயலை எடுத்துக் காதைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினாள். நாலாவதும் ஒன்று சுற்றினாள். சத்தமில்லாமல் படியேறி அதை வைத்துவிட்டுத் திரும்பிவந்து, கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேடம், அந்தக் கடைக்காரங்க பதில் போட்டிருக்காங்க" என்றது மேலே ஒரு பெண்குரல்.

"போட்டுட்டாளா? பாருங்க, எவ்வளவு ஆத்திரமா எழுதியிருக்கப்போறான்னு. நானே படிக்கறேன்." பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'வணக்கம். தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். புது முயல் இப்போதே வந்து சேரும். முகவரி தேவையில்லை. தங்கள் படத்தில் இருக்கும், மூலை உடைந்த பச்சை டைல்...'"

குரல் அங்கேயே நின்றது.

"மேடம்? கேக்கலை மேடம்." "மைக் ஆஃப் ஆயிடுச்சா?" "மீதியைப் படிங்க மேடம்."

நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. மாடிக் கதவு திறந்தது. கீழே சின்னவளின் கைபேசி அடித்தது. பள்ளிக்கூடத்து அம்மாளின் எண். திங்கட்கிழமை என்றவள் இன்றைக்கே கூப்பிடுகிறாள். எதற்கு என்று தெரியவில்லை. எடுக்கவும் பயமாக இருந்தது. அவள் ஊசியைக் கீழே வைக்காமல் படிக்கட்டையே பார்த்தாள். திருப்பத்துக்கு இரண்டு படி மேலே பெரியவளின் பாதங்கள் வந்து நின்றிருந்தன. அவற்றுக்குக் கீழே, பச்சை டைலில், இரண்டு காதும் விறைப்பாக நிற்க முயல் மேலே பார்த்து உட்கார்ந்திருந்தது.